லோடு உள்ளவனுக்கே வழி

மறுபடியும் நின்றுவிட்டது.

காலையில் தொழிற்சாலை பஸ்ஸை விட்டு இறங்கி, மாடிப்படி ஏறி, அறைக்கதவைத் தோளால் தள்ளித் திறந்ததும் என் கண் முதலில் போகும் இடம் மேசைமேல் கிடக்கும் அந்தப் பச்சைப் பலகைதான். அதன் ஓரத்தில் நான்கு சின்ன விளக்குகள். நான்கும் மினுக்கிக்கொண்டிருந்தால் அது நல்ல காலை. அன்றைக்கும் நான்கும் அசையாமல் எரிந்துகொண்டிருந்தன. உம்பாய்க் கடற்கரை மீன்கடைகளில் ஐஸ்மேல் அடுக்கிவைத்த மீனின் கண்களைப்போலத் திறந்தபடி, ஒன்றையும் பார்க்காமல்.

பையை நாற்காலியில் எறிந்தேன். பை வழுக்கிக் கீழே விழுந்தது. எடுக்கவில்லை. கிடக்கட்டும். எல்லாமே கிடக்கட்டும்.

தொண்ணூறுகளின் கடைசி வருஷங்கள். மலாக்கா டவுனுக்கு வெளியே, பெயர் சொல்ல வேண்டாத ஒரு தொழிற்சாலை. கீழ்த்தளத்தில் தலைக்கு உறை மாட்டிய பெண்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்து சிப்புகளைச் சோதித்துக்கொண்டிருப்பார்கள். பாதிப்பேர் என்னைப்போல மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள். மேல்மாடியில் ஒரு பக்கம் கேன்டீன்; எதிர்ப்பக்கம் எங்கள் அறை. பெயர்தான் வடிவமைப்புப் பிரிவு. நான்கைந்து மேசைகள், ஒரு காபி மெஷின், ஸ்வெட்டர் போட்டாலும் எலும்பைத் தேடி வரும் குளிர்.

நாங்கள் செய்துகொண்டிருந்தது ஒரே சிப்புக்குள் நான்கு புரோசசர்களை உட்காரவைக்கும் வேலை. இன்றைக்குக் கைப்பேசிக்குள் எட்டு இருக்கிறது, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அன்று நான்கு என்பதே பேராசைக் கனவு. நான்கும் ஒரே மெமரியில் எழுத வேண்டும். எழுத வேண்டியதை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வழி வேண்டும். அந்த வழிதான் என் பொறுப்பு. புரோசசர் என்னுடையதல்ல, மெமரியும் என்னுடையதல்ல. நடுவில் கிடக்கும் சாலையும் சந்திகளும் என்னுடையவை. செய்தி ஒவ்வொன்றும் பொட்டலமாகக் கிளம்பும், சந்திக்குச் சந்தி நின்று போகும். எந்தச் சந்தியில் யார் முதலில் போவது என்ற சட்டத்தை எழுதியவள் நான்.

நம்பகமாக இருக்க வேண்டும் என்று தலைமையகம் சொல்லிக்கொண்டே இருந்தது. ஒரு பொட்டலமும் தொலையக்கூடாது. செய்தேன். வழியில் கெட்டுப்போனால் கண்டுபிடிக்க ஒரு குறி வைத்தேன். மெமரி ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ‘வந்தது’ என்று ஒரு குட்டிப் பதில் அனுப்பும். அது வரும்வரை அனுப்பியவன் தன் பிரதியைக் கையில் வைத்திருப்பான். வராவிட்டால் மறுபடி அனுப்புவான். சிலிக்கானில் இடம் போதாததால் போகவும் வரவும் ஒரே கம்பித் தொகுதி. ஒற்றை வழிச் சாலை. எதிரெதிரே இருவர் வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும்.

யார் ஒதுங்குவது? அதற்கு நான் எடுத்துக்கொண்ட நேரம் ஒரு மிடறு காபி. சரக்கோடு போகும் பொட்டலத்துக்கு முதல் உரிமை. ‘வந்தது’ என்ற பதிலில் சரக்கு ஒன்றும் இல்லை, வெறுங்கை. அது ஒதுங்கி நிற்கலாம். ஒரே வரி. அந்தப் பக்கத்தின் அடியில் என் கையெழுத்து, சரிபார்த்தவர்கள் என்று இன்னும் இரண்டு கையெழுத்துகள். கோப்பை மூடி அலமாரியில் வைத்தோம்.

சிப்பை உண்மையாகவே செய்வதற்கு முன்னால் அதே வேலையைச் செய்து காட்டும் மாதிரிதான் அந்தப் பச்சைப் பலகை. லேசான வேலை கொடுத்தால் நாள் முழுக்க ஓடும். முழுப் பாரம் கொடுத்தால் ஆறேழு மணி நேரம் ஓடும், பிறகு நின்றுவிடும். நான்கு புரோசசரும் பதிலுக்காகக் காத்துக்கொண்டே நிற்கும். எப்போது என்று சொல்ல முடியாது. சனியனுக்கு நேரம் காலம் கிடையாது.

நின்றபிறகு உள்ளே எட்டிப் பார்த்தால் ஒவ்வொரு தடவையும் ஒரே காட்சி. மெமரிப் பகுதி வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். உள்ளே வரிசை நிரம்பி வழியும். புதிதாக ஒன்றையும் வாங்காது. அப்புறம் யாரைச் சொல்வது? நின்றது எதுவோ அதைத்தானே சொல்வோம். மெமரிப் பகுதியைச் செய்தவரைச் சொன்னோம்.

அவரை நான் சார் என்று கூப்பிடுவேன். இங்கேயே பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத் தமிழர், நாற்பதைத் தாண்டியவர். பள்ளிக்கூடம் முடித்த கையோடு கீழ்த்தளத்தில் சோதனை மெஷின் ரிப்பேர் செய்ய வந்து, வருஷக்கணக்காக மாலை வகுப்புக்குப் போய்ப் பட்டம் வாங்கி, போன வருஷம்தான் மேல்மாடியில் நாற்காலி பெற்றவர். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. பாக்கெட்டில் மூன்று நிறப் பேனாக்கள்.

“பிள்ளை, என்ர பெட்டிக்குள்ள பிழை இருந்தா நான் ஒத்துக்கொள்ளுவன்,” என்பார். “ஆனா நானும் தலைகீழா நிண்டு தேடிப் பாத்திட்டன். காணேல்ல.”

“நிக்கிறது உங்க பெட்டிதானே சார்.”

“நிக்குது. ஏன் நிக்குதெண்டுதான் கேக்கிறன்.”

“ஏன்னு நீங்கதான் சொல்லணும்.”

இப்படித்தான் பேசினேன். இரண்டு மாதம். என் சந்திகளை ஒருமுறை பார்க்கச் சொன்னார். பார்த்தேன், என் சட்டப்படி அவை இம்மியும் பிசகாமல் நடந்துகொண்டிருந்தன. அதை அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். அதில் ஒரு சின்ன சந்தோஷமும் இருந்தது.

புதன்கிழமை மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். சீனர், மெர்லிமாவ் கடைவீதியில் வளர்ந்ததால் தமிழ் பாதி புரியும், திட்டுவது மட்டும் முழுசாக வரும். தலைமையகம் பொறுமை இழந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் காரணம் தெரியவில்லை என்றால் திங்கள் காலை ஃபேக்ஸ் போகும். மெமரிப் பகுதியில் குறை, அதைச் செய்தவர் கீழ்த்தளத்துக்கே திரும்புகிறார், வேறு ஆள் வருவார் என்று அதில் இருக்கும். “ஐ நோ சாய்ஸ் லா,” என்றார், யாரையும் பார்க்காமல்.

சார் பச்சைப் பேனாவை எடுத்து நீலப் பேனாவுக்கு அந்தப் பக்கம் மாற்றிச் செருகிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை வந்தது. காரணம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா மகள் வீட்டில் பிள்ளைக்குக் காது குத்து, தள்ளி இருக்கும் ஒரு தோட்டத்தில். என் அண்ணன் எண்ணெய் மில்லுக்குச் செம்பனைக்குலை ஏற்றிப்போகும் லோரி ஓட்டுபவர். பட்டுச்சேலையோடு மோட்டார் சைக்கிளில் போக முடியாது என்று நான் முணுமுணுத்ததைக் கேட்டுவிட்டார்.

“லோரியில ஏறு. போற வழியிலதான் மில்லு. லோடு எறக்கிட்டு அப்படியே உன்னை எறக்கி வுட்டுர்றேன். அரை மணி நேரம்.”

நாளிதழை விரித்து அதன்மேல் பட்டுச்சேலையோடு உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால் டன் கணக்கில் குலைகள். கீழே செம்மண் சாலை, இரண்டு பக்கமும் வாய்க்கால், ஒரு லோரிக்கு மேல் இடம் இல்லை.

அந்தச் சாலைகளுக்கு ஒரு சட்டம் உண்டு. யாரும் எழுதிவைக்கவில்லை. லோடு வண்டி பின்வாங்காது. பாரத்தோடு பின்னால் போனால் சக்கரம் வாய்க்காலில் இறங்கிவிடும். அதனால் காலி வண்டிதான் ஒதுங்கும், இல்லாவிட்டால் கோஸ்தான் பண்ணும். கோஸ்தான் என்றால் பின்னுக்குப் போவது. எங்கள் ஊரில் அதற்கு வேறு சொல் கிடையாது. லோரிக்கு மட்டுமல்ல இந்தச் சட்டம். தலையில் விறகுக்கட்டு வைத்திருப்பவளுக்குப் பாதை. சும்மா வருபவள் புல்லில் இறங்கி நிற்க வேண்டும். சட்டம் என்றுகூடத் தோன்றாது. மரியாதை. நிற்காதவளைப் பார்த்து, கை வீசிக்கிட்டுத்தானே வர்றே, ஒதுங்கினா என்ன என்று கேட்பார்கள்.

மில் வாசலுக்குச் சற்று முன்னால் ஒரு சிறு பாலம். அதில் எங்கள் லோரி மூக்கை நுழைக்கவும், எதிரே ஒரு காலி லோரி வெளியே வர மூக்கை நீட்டவும் சரியாக இருந்தது. இரண்டும் நின்றன. எங்களுக்குப் பின்னால் ஒவ்வொன்றாக லோடு லோரிகள் வந்து வாலைப் பிடித்துக்கொண்டன.

எதிர் லோரியில் இருந்தவர் மீசை நரைத்த ஆள். தலையை வெளியே நீட்டினார்.

“தம்பி, நான் வெளிய வந்தாதான்யா நீ உள்ள போவ முடியும். கொஞ்சம் கோஸ்தான் பண்ணு.”

“லோடுண்ணே! லோடு வண்டியப் போயி கோஸ்தான் பண்ணச் சொல்றீங்களே, நீங்க தோட்டத்துல பொறந்தீங்களா டவுன்ல பொறந்தீங்களா?”

“உள்ள பூரா காலி வண்டி நிக்குது லா. எங்க போயி ஒதுங்குறது? உன் தலையிலயா?”

“அதுக்கு நான் என்னா பண்றது? மில்லுக்காரன் ஒழுங்கா லோடு வாங்குனா இந்தக் கூத்தே இல்ல. உள்ள தூங்குறானுங்க.”

“வாங்கறதுக்கு எடம் வேணாமா?”

பின்னாலிருந்து ஹாரன். ஒருவன் கத்தினான்: “ஓய்! மில்லு செத்துப்போச்சா? மாலை போடணுமா?”

வெயில் ஏறியது. நாளிதழின் மை சேலையில் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் ஆயிற்று. காது குத்தும் நேரம் போயிற்று. அண்ணன் ஸ்டியரிங்கில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு வெற்றிலை மெல்லுகிற கோலத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

“அண்ணே, கோஸ்தான் பண்ணுண்ணே. நாம போறதுக்குள்ள அந்தப் புள்ளைக்குக் கல்யாணமே ஆயிடும்.”

“நீ வாய மூடிக்கிட்டு ஒக்காரு. பெரிய இஞ்சினியரு. ரோட்டுச் சட்டம் தெரியுமா உனக்கு?”

“எனக்கா தெரியாது?” என்றேன்.

சொன்ன வாய் அப்படியே நின்றது.

எனக்குத் தெரியும். அவ்வளவு நன்றாகத் தெரியும் என்பதால்தான் யோசிக்காமல் அதைச் சிப்புக்குள் எழுதிவைத்திருந்தேன். பாலத்தைப் பார்த்தேன். அது என் சந்தி. பின்னால் வரிசையாக முனகுகிற லோடு லோரிகள் என் பொட்டலங்கள். உள்ளே அடைந்து கிடக்கும் காலி லோரிகள் அந்தக் குட்டிப் பதில்கள். வெறுங்கை என்று நான் ஒதுக்கிவைத்த ‘வந்தது’கள். காலி வெளியே வராமல் மில்லில் இடம் வராது. இடம் வராமல் மில் லோடு வாங்காது. லோடு அசையாமல் காலிக்கு வழி இல்லை. வண்டி குறைவான நாளில் இது யாருக்கும் தெரியாது. பழம் கொட்டுகிற பருவத்தில் மட்டும் கழுத்தைப் பிடிக்கும். பதில் வராததால் மறுபடி அனுப்புகிறானே அனுப்பியவன், என் புண்ணியத்தில், அது இன்னொரு லோடு லோரியைக் கொண்டுவந்து வரிசையில் நிறுத்துகிற வேலை.

எல்லோரும் மில்லைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். நின்றது மில்தான். நிறுத்தியது மில் அல்ல.

“அய்யோ,” என்றேன்.

“என்னா, சேலை கிழிஞ்சிருச்சா?” என்றார் அண்ணன்.

கடைசியில் வரிசையின் வாலில் இருந்த லோரி முதலில் பின்வாங்க, அதற்கு முன்னால் இருந்தது அடுத்து, ஒவ்வொன்றாக, ஒருவர் அம்மாவை ஒருவர் விசாரித்துக்கொண்டே ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துப் பாலத்தைக் காலி செய்தார்கள். அண்ணனும் பின்வாங்கினார், அப்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காது குத்தி முடிந்து, பாயசமும் முடிந்திருந்தது. பிள்ளை அழுது ஓய்ந்து தூங்கிவிட்டது. அன்றிரவு நான் மட்டும் விழித்திருந்தேன். சொல்லாமல் இருந்துவிடலாம் என்று நினைக்கவில்லை என்று எழுத ஆசைதான். நினைத்தேன். இன்னும் இரண்டு மாதத்தில் எனக்கு வேலை நிரந்தரமாக வேண்டியிருந்தது. திங்கட்கிழமைக்குப் பிறகு சத்தமில்லாமல் அந்த ஒரு வரியை மாற்றிவிட்டு, என்ன மாயமோ, ஓடுகிறது என்று சொல்லியிருக்க முடியும். சாருடைய நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

திங்கள் காலை முதல் பஸ்ஸைப் பிடித்தேன். அது டயர் பஞ்சராகி நடுவழியில் நின்றது. நிற்காமல் என்ன செய்யும்.

நான் போனபோது சார் கேன்டீனில் தேநீரோடு உட்கார்ந்திருந்தார். காலடியில் ஓர் அட்டைப்பெட்டி. அதில் அவருடைய கப், சுவர் நாட்காட்டி, ஒரு ஸ்வெட்டர்.

“சார், பிழை உங்ககிட்ட இல்ல. என்கிட்ட.”

எல்லாவற்றையும் சொன்னேன். லோரி, பாலம், காலி, லோடு. அவருடைய தேநீரில் ஆடை படிந்தது. நான் சொல்லி முடித்ததும் அவர் எழுந்து நேரே எங்கள் அறைக்குப் போனார். அலமாரியிலிருந்து கோப்பை எடுத்து அந்தப் பக்கத்தைத் திருப்பினார். படித்தார். மறுபடி படித்தார்.

“ரெண்டு மாசம்,” என்றார். “ரெண்டு மாசமா என்ர பெட்டிய நானே சந்தேகப்பட்டனான். வீட்டில மனிசி கேட்டவ, உங்களுக்கு இந்த வேலை சரிவராதோ எண்டு. ஓம் போலத்தான் கிடக்கு எண்டு சொன்னனான். விளங்குதோ உமக்கு?”

எனக்கு விளங்கியது. தரையைப் பார்த்தேன்.

“இஞ்ச பாரும்.” பக்கத்தின் அடியில் விரலை வைத்தார். சரிபார்த்தவர்கள் என்ற இடத்தில் முதல் கையெழுத்து அவருடையது. “இது ஆர்? நான். வாசிக்காமப் போட்டன் எண்டு நினையாதேயும். வாசிச்சுத்தான் போட்டனான். சரியெண்டுதான் பட்டது.” கோப்பைப் படாரென்று மூடினார். “ரெம்பியாப் பக்கம் தோட்டத்து ஆஸ்பத்திரியில எங்கட அப்பா டிரெசர், காயத்துக்கு மருந்து கட்டுறவர். அந்த ரோட்டாலதான் பள்ளிக்கூடம் போனனான். லோடுக்கு வழி விடாட்டி அடிதான் விழும். சரியெண்டு படாம வேற என்ன படும்?”

இரண்டாவது கையெழுத்துக்காரரிடம் இருவருமாகப் போனோம். மேனேஜர் கோப்பை மூக்கருகே வைத்துப் பார்த்தார், தன் கையெழுத்தைப் பார்த்தார், காதுவரை சிவந்தார். அவருடைய அப்பா கடைக்கு லோரியில்தான் அரிசி வந்து இறங்கும் என்று முன்பு சொல்லியிருக்கிறார்.

“ஆலாமாக்,” என்றார், ஐயையோ என்பதற்கு மலாயில்.

“ஃபேக்ஸ்?” என்றேன்.

“போச்சு. ஏழரைக்கே அனுப்பிட்டேன்.” திடீரென்று என்மேல் பாய்ந்தார்: “ஒய் யூ கம் நவ்? ஏன் நேத்தே போன் பண்ணல?”

நேற்று நான் ஒரு பாலத்தில் அடைந்து கிடந்தேன் என்று எப்படிச் சொல்வது?

இன்னொரு ஃபேக்ஸ் போனது. குறை சந்திச் சட்டத்தில், எழுதியவள் நான், சரிபார்த்தது மற்ற இருவரும். பதில் வந்தது: நிரூபியுங்கள். பலகை முழுப் பாரத்தோடு ஒரு வாரம் நிற்காமல் ஓட வேண்டும். அதுவரை சாருடைய இடமாற்றம் இடமாற்றம்தான். சார் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே போனார்.

திருத்தம் ஒரு மதிய நேரத்து வேலை. அதுதான் அதிகம் கடுப்பேற்றியது. ‘வந்தது’ என்ற பதிலுக்கு முதல் உரிமை. ஒவ்வொரு சந்தியிலும் அதற்கென்று மட்டும் ஓர் ஒதுங்குமிடம், வேறு எதுவும் அங்கே ஏறி நிற்கக்கூடாது. இரண்டு மாதம் கத்திய கத்தலுக்கு இவ்வளவுதான் மருந்து. பலகையை ஓடவிட்டேன். நான்கு விளக்குகளும் மினுக்கத் தொடங்கின.

அந்த ஒரு வாரம் சார் ஒவ்வொரு தேநீர் இடைவேளைக்கும் தலை உறையோடு மாடி ஏறி வருவார். கேன்டீனுக்குப் போகுமுன் எங்கள் கதவுக் கண்ணாடி வழியாக விளக்குகளைப் பார்ப்பார். என்னைப் பார்க்க மாட்டார். செவ்வாய் மினுக்கியது. புதன் மினுக்கியது. வெள்ளிக்கிழமை யாரோ மின்சாரச் செருகியைக் காலால் தட்டிவிடப் பார்த்தார்கள். நான் போட்ட கத்தலில் கேன்டீனே திரும்பிப் பார்த்தது. சனி, ஞாயிறு நான் வீட்டில் யாரோடும் பேசவில்லை. திங்கள் காலை மினுக்கிக்கொண்டிருந்தது.

பதில் ஃபேக்ஸ் இரண்டே வரி. முதல் வரி: மேலே நடத்தலாம். இரண்டாவது வரி: என் நிரந்தர வேலையை ஆறு மாதம் தள்ளி வைக்கலாம். சாரைப்பற்றி ஒரு வார்த்தை இல்லை. மாற்றியதை ரத்து செய்கிறோம் என்று ஒரு வார்த்தை எழுதினால் மை தீர்ந்துவிடுமா? மேனேஜர் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். பிறகு, “போய்க் கூப்பிட்டு வா. நான் ஒண்ணும் படிக்கல,” என்றார்.

ஓடினேன். படிக்கட்டின் பாதியில் அவர் ஏறி வந்துகொண்டிருந்தார், கையில் அட்டைப்பெட்டியோடு. மேனேஜர் போனில் முந்திக்கொண்டார் போலிருக்கிறது. குறுகலான படிக்கட்டு. பழக்கம் என்னை விடவில்லை. சுவரோடு ஒட்டி நின்று அவருக்கு வழி விட்டேன்.

அவர் நின்றுவிட்டார். பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மறுபக்கச் சுவரில் ஒதுங்கினார்.

“நீர் போம்.”

“நீங்க லோடோட வர்றீங்க சார்.”

“வெறுங்கையோட வாறவைக்குத்தான் இப்ப முதல் வழி. நீர் எழுதின சட்டம்தானே. போம்.”

“கூப்பிடத்தான் வந்தேன் சார். இனிமே கீழ எனக்கு வேலை இல்ல.”

“அப்ப ஏன் சுவரில ஒட்டிக்கொண்டு நிக்கிறீர்?”

இருவரும் நகரவில்லை. கீழே இடைவேளை மணி அடித்தது. தலை உறைகள் வரிசையாகப் படி ஏறி வந்து அவருக்குப் பின்னால் நின்றன. எங்கள் தோட்டத்து லயன் வீட்டு அக்கா ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

“என்னாங்கடி இது, சார் பொட்டியோட நிக்கிறாரு, இவ செவுத்துல பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்கிறா? பதினஞ்சு நிமிசம்தான் பிரேக்கு. ஒண்ணு ஏறுங்க, இல்லாட்டி எறங்குங்க லா!”

நான் திரும்பி ஏறத் தொடங்கினேன். பின்னாலேயே பெட்டிக்குள் கப் கடகடக்கிற சத்தம் என் மேசைவரை வந்தது.